முதலில் தைக்கட்டும்

பழைய மிதி மெஷின்களை அடையாளம் காண்பதும் சீர்செய்வதும் குறித்து அடையாற்றில் ஆற்றிய சொற்பொழிவு

நம் பக்கத்து வீடுகளில் பரணிலிருந்தோ மாடிப்படிக்குக் கீழிருந்தோ பழைய மிதி மெஷின் ஒன்று வெளியே வந்தால், பார்க்க வருபவர்கள் முதலில் அதன் வயதைக் கேட்கிறார்கள், அடுத்த மூச்சில் விலையைக் கேட்கிறார்கள். தைக்குமா என்று கேட்பவர் அரிது. இன்று நான் நிறுவ விரும்புவது ஒன்றுதான். மெஷினை அடையாளம் காண்பதன் முதல் பயன், அதை எப்படித் தைக்க வைப்பது என்று தெரிந்துகொள்வது. அதைச் சீர்செய்தோம் என்று சொல்லிக்கொள்ள ஒரே அத்தாட்சி, துணியில் ஒழுங்காக விழுந்த தையல். வயதும் விலையும் அழகும் அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை மாற்றிப் போட்டதால்தான் நல்ல நிலையில் இருந்த எத்தனையோ மெஷின்கள் காயலான் கடைக்கும், சாப்பாட்டு மேசைக்குக் காலாகவும் போய்விட்டன.

வயதையும் விலையையும் மட்டும் துரத்தினால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு 2009-இல் சவுதி அரேபியாவில் நடந்தது ஓர் எடுத்துக்காட்டு. பழைய சிங்கர் மெஷின்களுக்குள் 'சிவப்புப் பாதரசம்' என்ற விலைமதிப்பில்லாத பொருள் இருக்கிறது என்று வதந்தி கிளம்பியது. ஊசியருகே செல்போனைக் கொண்டுபோய், அலைவரிசை அறுந்தால் உள்ளே அந்தப் பொருள் இருக்கிறது என்று சோதித்துப் பார்த்தார்கள். பெரும் பணம் கைமாறியது. போலீஸ் தலையிட்டு, அப்படி ஒரு பொருளே இல்லை என்று அறிவிக்க வேண்டியிருந்தது. நாம் அந்த அளவுக்குப் போவதில்லை. ஆனால் அதே நோயின் லேசான வடிவம் இங்கும் உண்டு. சிங்கர் நிறுவனம் தன் நூற்றாண்டை ஒட்டி, நீல விளிம்பிட்ட ஒரு பித்தளை வில்லையை மெஷின்களில் பதித்தது. அதில் 1851, 1951 என்ற இரண்டு ஆண்டுகளும் இருக்கும். முதல் ஆண்டை மட்டும் படித்துவிட்டு, நூற்றெழுபது ஆண்டுப் பழமையான மெஷின் என்று விளம்பரம் செய்கிறார்கள். உண்மையில் அது சுதந்திரத்துக்குப் பின் வந்த மெஷின். தட்டின் நகரும் மூடியில் பொறித்த காப்புரிமைத் தேதிகளும் இப்படித்தான் ஏமாற்றும். அவை அந்த வடிவமைப்பு பதிவான நாள்களே தவிர, உங்கள் கையில் இருக்கும் மெஷின் வார்க்கப்பட்ட நாள் அல்ல.

சரியான வயதைச் சொல்வது வரிசை எண். மெஷினின் தலையில், தூண் எழும்பும் இடத்துக்குக் கீழே, தட்டின் வலப்பக்கத்தில் அது பொறிக்கப்பட்டிருக்கும். அழுக்கும் பழைய எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து மறைந்திருந்தால், மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெல்லத் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்துகள் நிழல்கட்டித் தெரியும். சிங்கரைப் பொறுத்தவரை, எழுத்தே இல்லாமல் வெறும் எண் இருந்தால் அது 1900-க்கு முந்தியது. ஓர் எழுத்து முன்னே வந்தால் அதற்குப் பிந்தியது. 1920-களின் நடுவிலிருந்து இரண்டு எழுத்துகளும் வரத் தொடங்கின. எழுத்து, தொழிற்சாலையையும் காட்டிக்கொடுக்கும். 'ஏ' என்று தொடங்கும் இரட்டை எழுத்துகள் அமெரிக்காவின் நியூஜெர்சியில் உள்ள எலிசபெத் நகரத் தொழிற்சாலையைக் குறிக்கும். 'ஒய்' என்ற தனி எழுத்தும், 'இ' என்று தொடங்கும் இரட்டை எழுத்துகளும் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவுக்கு அருகே உள்ள கிளைட்பேங்க் ஆலையைக் குறிக்கும். இந்தியாவுக்கு வந்த சிங்கர்களில் பெரும்பாலானவை அந்த ஆலையில் பிறந்தவை.

அந்த ஆலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் நான் பின்னால் பாலிஷைப் பற்றிச் சொல்லப்போவதற்கு அது ஆதாரம். 1885-இல் இயங்கத் தொடங்கிய அந்த ஆலை, 1913-இல் மட்டும் 13 லட்சம் மெஷின்களை அனுப்பியது. ஆலைக்கென்றே 'சிங்கர்' என்ற பெயரில் ஒரு ரயில் நிலையம் உண்டாயிற்று. 1980-இல் ஆலை மூடப்பட்ட பிறகும் அந்த நிலையம் அதே பெயரில் இருக்கிறது. 1911 மார்ச்சில் அங்கே ஒரு வேலைநிறுத்தம் வெடித்தது. மெஷினின் மரப்பெட்டிக்குப் பாலிஷ் போடும் பிரிவில் ஆளைக் குறைத்து, மிச்சமிருந்தவர்கள் தலையில் வேலையை ஏற்றியபோது, 12 பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். சில நாள்களில் ஏறத்தாழ முழு ஆலையும், சுமார் பத்தாயிரம் பேர், அவர்களுடன் சேர்ந்துகொண்டது. வேலைநிறுத்தம் தோற்றது, முன்னின்றவர்களில் பலர் வேலை இழந்தார்கள். இங்கே ஒரு வீட்டில் 1910-ஆம் ஆண்டையொட்டிய கிளைட்பேங்க் மெஷின் ஒன்று அதன் அசல் மரத்தோடு இருந்தால், அந்த மரத்தின் மேல் இருக்கும் மெருகு அந்தப் பெண்களின் பிரிவில் போடப்பட்டது. வரிசை எண் நமக்குத் தருவது இப்படிப்பட்ட அறிவு. இதை விலையாக மாற்றத் துடிப்பது அறிவைச் சிறுமைப்படுத்துவது.

ஆனாலும், மெஷினைத் தைக்க வைக்க வேண்டியவருக்கு வயதைவிட முக்கியமான அடையாளம் ஒன்று உண்டு. ஊசித்தட்டுக்குக் கீழே கீழ்நூல் எங்கே, எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் அது. மூடியை நகர்த்திப் பாருங்கள். படகு வடிவ ஷட்டில் ஒன்று முன்னும் பின்னுமாக, துணி போகும் திசைக்குக் குறுக்கே ஓடினால் அது மிகப் பழைய குடும்பம். சிங்கரின் 12-ஆம் வகை அப்படிப்பட்டது. அதன் ஊசி இப்போதைய ஊசியிலிருந்து வேறானது, சாதாரணக் கடையில் கிடைக்காது. துப்பாக்கித் தோட்டா போல நீண்ட ஷட்டில், ஊசல் மாதிரி வளைந்து ஆடினால் அது 27 அல்லது 28-ஆம் வகை. இரண்டும் ஒன்றே, 28 அளவில் சிறியது. அதன் பாபினும் நீளமாக, இரு முனையிலும் சிறு தட்டு வைத்த கம்பியாக இருக்கும். ஊசி மட்டும் இன்று தெருமுனை ஃபேன்ஸி ஸ்டோரில் விற்கும் அதே சாதாரண ஊசிதான். வட்டமான பாபின், அதன் மேல் பாபின் கேஸ், அதை இடப்பக்கத்திலிருந்து செருக வேண்டும் என்றால் அது 15-ஆம் வகை அல்லது அதன் வாரிசு. பாபினை மேலிருந்து அப்படியே போட்டுவிடலாம் என்றால் 66-ஆம் வகை. அந்த வகையில்தான் தட்டு முழுக்கச் சிவப்பும் பொன்னுமாக வரைந்த, கண் போன்ற ஓவியம் கொண்ட மெஷின்கள் அதிகம் வந்தன. ஓவியத்தை வைத்து மட்டும் வகையைத் தீர்மானிக்கக் கூடாது. ஸ்பிங்க்ஸ் ஓவியம் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகளில் வந்திருக்கிறது. ஓவியம் கண்ணைக் கவரும், ஷட்டில்தான் உண்மையைச் சொல்லும்.

இங்கே ஒருவர் எழுந்து, "சிங்கர் என்றால் சரி, எங்கள் வீட்டில் இருப்பது வெறும் உஷாதானே, அதற்கெல்லாம் எதற்கு இவ்வளவு பாடு?" என்று கேட்கக்கூடும். கேட்கவும் கேட்கிறார்கள். இந்த 'வெறும்' என்ற சொல்லோடு எனக்குப் பெரிய வழக்கு உண்டு. 1930-களின் நடுவில் கல்கத்தாவில் தொடங்கிய ஜெய் இன்ஜினியரிங் ஒர்க்ஸ், லாலா ஸ்ரீராமின் கைக்கு வந்த பிறகு உஷாவை நாடு முழுவதற்கும் கொண்டுபோனது. சுதந்திரத்துக்குப் பின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது, இந்தியத் தையல்காரர்களும் குடும்பங்களும் கையேந்த வேண்டியிராமல் காத்தது உஷாவும், பஞ்சாபில் லூதியானாவின் சிறு ஆலைகளும்தான். அவர்கள் எடுத்துக்கொண்ட மாதிரி பெரும்பாலும் சிங்கரின் 15-ஆம் வகை. போருக்குப் பிந்திய ஜப்பானும் அதையே எடுத்துக்கொண்டது. இதன் விளைவை யோசியுங்கள். ஒரே பாபின், ஒரே பாபின் கேஸ், ஒரே ஊசி, நூறு பெயர்களில் உலகமெங்கும் வந்த மெஷின்களுக்குப் பொருந்துகின்றன. ஒரு 1930-களின் கிளைட்பேங்க் மெஷினை இன்று அடையாற்றில் ஓட வைக்க முடிகிறது என்றால், அந்த 'வெறும்' உஷாக்கள் இந்த உதிரிப்பாகங்களைக் கடைகளில் உயிரோடு வைத்திருந்ததும் ஒரு காரணம்.

இனி மெஷின் தைக்கும் விதத்துக்கு வருவோம், ஏனென்றால் 'செத்துப்போச்சு' என்று தீர்ப்பிட்டு ஒதுக்கப்படும் மெஷின்களில் பல சாகவே இல்லை. கைத்தையலில் ஊசியின் காது பின்முனையில் இருக்கிறது, மெஷின் ஊசிக்கு அது கூர்முனையில். ஊசி துணியைத் துளைத்து அடிவரை இறங்கி, திரும்ப ஏறத் தொடங்கி ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வந்ததும், துணி பிடித்துக்கொள்வதால் மேல்நூல் ஊசியின் ஒரு பக்கத்தில் சிறு வளையமாகப் புடைக்கிறது. சரியாக அந்தக் கணத்தில் கொக்கியின் மூக்கு வந்து வளையத்துக்குள் நுழைந்து, அதை விரித்து, கீழ்நூல் பாபினைச் சுற்றிக் கடத்துகிறது. மேலே நூல் இழுக்கும் கை அதை இறுக்குகிறது. இரண்டு நூலும் துணியின் நடுக்கனத்தில் பின்னிக்கொள்கின்றன. அவ்வளவுதான் வித்தை. இதில் ஊசி ஒரு பக்கம் தட்டையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தட்டைப் பக்கம் கொக்கி வரும் பக்கத்தைப் பார்க்க வேண்டும், நூலை அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து கோக்க வேண்டும். 15-ஆம் வகையில் தட்டைப் பக்கம் இடப்புறம், நூல் வலமிருந்து இடம். ஊசியைத் திருப்பிப் போட்டால் வளையம் தவறான பக்கத்தில் புடைக்கும், கொக்கி வெறுங்காற்றைத் துழாவும், ஒரு தையல்கூட விழாது. மெஷினில் ஒரு பழுதும் இல்லை.

இன்னொன்று: கைச்சக்கரம் சுற்றுகிறது, ஊசி மட்டும் அசையவில்லை என்று மெஷினைக் கழித்துவிடுகிறார்கள். சக்கரத்தின் நடுவில் இருக்கும் திருகு பாபினில் நூல் சுற்றுவதற்காகத் தளர்த்தப்பட்டு, திரும்ப இறுக்கப்படாமல் இருந்திருக்கும். இறுக்கியும் பிடிக்கவில்லையென்றால் உள்ளே மூன்று காது வைத்த ஒரு வாஷர் இருக்கிறது, யாரோ கழற்றித் துடைத்துத் தலைகீழாகப் போட்டிருப்பார்கள். அரைச்சுற்றுத் திருப்பிப் போட்டால் சக்கரம் பிடித்துக்கொள்ளும். மிதியிலும் இதே கதை. மேலே கைச்சக்கரத்தின் உச்சி தைப்பவரை நோக்கி வர வேண்டும். மிதித்துப் பழகாதவர் காலை வைத்ததும் சக்கரம் எதிர்த்திசையில் ஓடி நூலை அறுக்கிறது, பழி மெஷின் மேல் விழுகிறது. கையால் ஒரு தள்ளுக் கொடுத்து, சக்கரம் ஓடும் திசைக்குக் காலை இசைய விடுவது ஒருநாள் பழக்கம். பழைய தையல்காரர்கள் சத்தத்தைக் கேட்டே சொல்வார்கள், மிதி சீராகப் போகிறதா, குத்திக் குத்திப் போகிறதா என்று.

நிஜமாகவே இறுகிக் கிடக்கும் மெஷினும் உண்டு, அதுவும் நம் பகுதியில் அதிகம். அடையாறு, பெசன்ட் நகர் காற்றில் உப்பு இருக்கிறது. உப்பு ஈரத்தை உறிஞ்சி இரும்பின் மேல் பிடித்துவைத்துக்கொள்ளும், அதனால் மழையே படாத அறையிலும் துரு ஏறும். அதோடு வீட்டில் கைக்குக் கிடைத்த எண்ணெயை ஊற்றும் பழக்கம் சேர்ந்துகொள்கிறது. சமையல் எண்ணெய் நாளாக நாளாகக் காற்றுப்பட்டுப் பிசினாக மாறி, அச்சையும் உறையையும் ஒட்டிவிடுகிறது. துருவைவிடப் பெரும்பாலும் இந்தப் பிசின்தான் மெஷினைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. வழி பொறுமைதான். எண்ணெய்த் துளைகள் ஒவ்வொன்றிலும் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, ஓர் இரவு விட்டுவிட வேண்டும். காலையில் கைச்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். அசையவில்லையென்றால் தலைமுடி உலர்த்தும் கருவியால் இலேசாகச் சூடு காட்டி, மறுபடி சொட்டு விட்டு, மறுபடி காத்திருக்க வேண்டும். சுத்தியலைக் கையில் எடுத்தவர் தோற்றார். வார்ப்பிரும்பு வளையாது, விண்டுபோகும், விண்டால் ஒட்டாது. அசைந்ததும் கொக்கி ஓடும் பள்ளத்தைத் திறந்து பாருங்கள், பழைய நூல் சுருண்டு சிக்கியிருக்கும். துணியை நகர்த்தும் பல்லுக்கடியில் பஞ்சு அடைந்து கெட்டித்து ஃபெல்ட் துணி போல ஆகியிருக்கும். அதை ஊசிமுனையால் குத்தி எடுக்க வேண்டும். மண்ணெண்ணெய் கழுவத்தான், ஓட்டத்துக்கு அல்ல. கழுவிய பிறகு தெளிந்த மெஷின் ஆயில் ஒவ்வொரு உராயும் இடத்திலும் ஒரு சொட்டு. தோல் பெல்ட் புதிதாக வாங்கினால் ஒரேயடியாக அளந்து வெட்டக் கூடாது. கொஞ்சம் நீளமாகவே கோத்து, ஓட்டிப் பார்த்து, அரை அங்குலமாகக் குறைத்து வர வேண்டும். இறுக்கமாகக் கட்டிய பெல்ட் மிதியைக் கனமாக்கி முழங்காலைத் தண்டிக்கும்.

இவ்வளவுக்குப் பின் மெஷின் தைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆசை வண்ணம். "பார்க்க அசிங்கமாக இருக்கிறதே, பெயின்ட் அடித்துப் புதுசு போல ஆக்கினால் என்ன குற்றம்?" என்பது நேர்மையான கேள்வி. எனக்கு அதில் உடன்பாடில்லை, காரணம் சொல்கிறேன். தட்டின் முன்விளிம்பைப் பாருங்கள். பொன்னோவியம் மற்ற இடங்களில் ஓரளவு இருக்கும், தைப்பவரின் வயிற்றுப் பக்கம் இருக்கும் ஓரத்தில், அதிலும் ஊசிக்கு வலப்புறத்தில், அறவே தேய்ந்து கருப்பும் போய் இரும்பு பழுப்பாகத் தெரியும். துணி வந்து மடிந்து புரளும் இடம் அது, வலக்கை ஊன்றி நிற்கும் இடம். ஆண்டுக்கணக்கான ரவிக்கையும் பாவாடையும் பள்ளிச் சீருடையும் அந்த ஓரத்தைத் தேய்த்திருக்கின்றன. தேய்மானம் குறைவாக இருந்தால் அது அலங்காரத்துக்கு இருந்த மெஷின், அதிகமாக இருந்தால் யாரோ ஒருவர் அதை வைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கக்கூடும். நம் நாட்டில் பெண்களின் உழைப்புக்குப் பத்திரம் இல்லை, ரசீது இல்லை, பதிவேடு இல்லை. இருக்கும் ஒரு சான்றையும் பெயின்ட் அடித்து மூடுவது எனக்குப் பொறுக்கவில்லை. அசல் கருப்புப் பூச்சு, சூட்டில் சுட்டு ஏற்றியது. அதன் மேல் ஓவியம், அதன் மேல் ஒரு மெல்லிய தெளிந்த பூச்சு. அந்த மேற்பூச்சு ஸ்பிரிட்டிலும் தின்னரிலும் கரையக்கூடியது. ஒருமுறை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தால் பொன் எல்லாம் பஞ்சுக்கு வந்துவிடும், திரும்ப வராது. மெஷின் ஆயில் தொட்ட மென்துணி போதும், அதையும் மறைவான ஒரு மூலையில் சோதித்துப் பார்த்தே செய்ய வேண்டும். மரத்துக்கும் அதேதான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கிளைட்பேங்கின் அந்தப் பெண்கள் போட்ட மெருகு தூளாய்ப் போகும். துரு மேலும் பரவும் இடத்தில் தடுப்புப் பூச்சு அவசியம்தான், மறுக்கவில்லை. அது மருத்துவம். முழுக்க வண்ணம் அடிப்பது வேறு.

இரண்டாவது மறுப்பு இன்னும் பரவலானது. தலையைக் கழற்றிக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு, வார்ப்பிரும்பு ஸ்டாண்டின் மேல் கடப்பாக் கல்லோ தேக்குப் பலகையோ வைத்து மேசையாக்குகிறார்கள். உணவகங்களில் இது இப்போது மோஸ்தர். "குப்பைக்குப் போவதைக் காப்பாற்றினோமே" என்பது அவர்கள் வாதம். தலை உண்மையிலேயே உடைந்து, வார்ப்பு விண்டு, மாற்று எதுவும் கிடைக்காதபோது நானும் சரி என்பேன். ஆனால் 15-ஆம் வகைத் தலையைக் கழற்றும்போது நாம் கழற்றுவது, உதிரிப்பாகம் இன்னும் கடையில் கிடைக்கும் ஒரு கருவியை. அந்தத் தலையிலிருந்து எடுத்த ஒரு திருகு, ஒரு ஸ்பிரிங், இன்னொரு வீட்டு மெஷினை எழுப்பியிருக்கும். 27, 28 வகையில் இது இன்னும் முக்கியம். நீள ஷட்டிலும் நீள பாபினும் புதிதாகக் கிடைப்பது கடினம், பழைய தலைகளிலிருந்துதான் வர வேண்டும். ஆகவே கழித்த தலையையும் சைக்கிளில் தெருவுக்கு வரும் மெஷின் ரிப்பேர்காரரிடமே கொடுங்கள், எடைக்குப் போடாதீர்கள். அவர் மூளையில் இருக்கும் பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை, அவருக்கு வேலை இல்லாமல் போனால் அந்தப் பாடமும் இல்லாமல் போகும்.

மூன்றாவது மறுப்பு அறிவாளிகளிடமிருந்து வருகிறது, நான் மதிக்கும் மறுப்பு அது. பழம்பொருளை ஓட்டினால் தேயும், தேய்ந்தால் சான்று அழியும், ஆகவே கண்ணாடிப் பெட்டியில் வைப்பதே முறை என்கிறார்கள். அபூர்வமான பொருளுக்கு இது சரி. 1860-களின் மெஷினோ, வாங்கிய ரசீதும் கையேடும் துணைக்கருவிப் பெட்டியுமாக முழுமையாகக் கிடைத்த ஒன்றோ இருந்தால், அதை ஓட்ட வேண்டாம், எழும்பூர் அருங்காட்சியகம் போன்ற இடத்தாரிடம் கேளுங்கள். ஆனால் ஓராண்டில் 13 லட்சம் வெளிவந்த பண்டம், ஒவ்வொன்றும் அபூர்வம் ஆகாது. தவிர, எண்ணெய் போட்டு ஓட்டும் மெஷினைவிட எண்ணெய் காய்ந்து நிற்கும் மெஷின்தான் நம் கடற்காற்றில் சீக்கிரம் கெடுகிறது. ஓட்டமே இங்கே பாதுகாப்பு.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி. மோட்டார் மெஷின் மலிவாகக் கிடைக்கும்போது இதை ஏன் தைக்க வைக்க வேண்டும்? 1924-இல், டெல்லியில் 21 நாள் உண்ணாநோன்பை முடித்திருந்த காந்தியை, சாந்திநிகேதன் மாணவர் ஜி. ராமச்சந்திரன் சந்தித்து, நீங்கள் எல்லா இயந்திரங்களுக்கும் எதிரியா என்று கேட்டார். காந்தி விதிவிலக்காகச் சொன்னது சிங்கர் தையல் மெஷினை. மனைவி கையால் தைத்துப் படும் பாட்டைக் கண்டு அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்று அவர் கருதினார். வரலாறு அப்படி இல்லை. பாஸ்டனில் ஒரு பட்டறையில் பழுதுபார்க்க வந்த மெஷினின் குறையைக் கண்டு, லாபம் கருதி ஐசக் சிங்கர் தன் வடிவத்தைச் செய்தார், 1851-இல் காப்புரிமை பெற்றார். எலியாஸ் ஹோவின் 1846 காப்புரிமையை மீறியதற்காகப் பணமும் கட்டினார். அன்புக் கதை பொய்த்தாலும் காந்தியின் அளவுகோல் பொய்க்கவில்லை. இயந்திரம் தனி மனிதரின் உழைப்பைக் குறைக்க வேண்டும், அவர் கை கால்களை முடமாக்கக் கூடாது என்பது அது. அப்படியானால் மெஷின் செய்யப் பெரிய ஆலை வேண்டுமே என்று மடக்கியபோது, வேண்டும்தான், அது அரசின் பொறுப்பில் இருக்கட்டும் என்று அவர் ஒப்புக்கொண்டார். பத்தாயிரம் பேர் சேர்ந்து செய்த பொருளை, ஒரு திருப்புளி வைத்திருக்கும் ஒருவர் தன் வீட்டுத் திண்ணையில் பிரித்துப் பூட்ட முடிகிறது. மிதி மெஷினின் பெருமை இதில் இருக்கிறது. மின்னணுப் பலகை வைத்த மெஷினில் பலகை போனால் மெஷினே போயிற்று.

நம் ஊரின் அனுபவமும் இதையே சொல்கிறது. இந்தியா, பர்மா, இலங்கை மூன்றிலும் சிங்கரை விற்றுப் பரப்பியவர் நஸர்வான்ஜி மெர்வான்ஜி பட்டேல் என்ற பார்சிக்காரர். 1870-களிலிருந்து பல பத்தாண்டுகள் அந்தப் பணியில் இருந்தார். இங்கே முதலில் வாங்கியவர்கள் பெரும்பாலும் தொழில்முறைத் தையல்காரர்கள். மொத்தப் பணம் இல்லாதவருக்குத் தவணை வழி திறந்தது. பெண்கள் கைக்கு அது வந்தது தனிக் கதை, அந்தக் கதையில் அடையாற்றுக்கு இடம் உண்டு. 1917-இல் இங்கே தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தின் கிளைகள் எழுத்தறிவோடு தையலும் கற்றுக்கொடுத்தன. 1930-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அவ்வை இல்லம், ஆதரவற்ற பெண்களுக்குப் படிப்போடு தொழிலும் வேண்டும் என்ற எண்ணத்தில் வளர்ந்தது. இன்றும் தமிழ்நாடு அரசு சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் இலவசத் தையல் மெஷின் கொடுக்கிறது. ஒரு மெஷின் ஒரு குடும்பத்தின் வருமானம் என்பதை அரசே ஏற்றுக்கொண்ட பிறகு, ஓடக்கூடிய மெஷினை மேசைக்காலாக்குவதை எப்படி நியாயப்படுத்துவது? மோட்டார் வேகமானதுதான், கடை வைத்துத் தைப்பவருக்கு அது வேண்டும். வீட்டில் ஃபால்ஸ் அடிக்கவும், பிரித்துத் தைக்கவும், கிழிசல் ஒட்டவும், கற்றுக்கொள்ளவும் மிதி மெஷின் போதும். கற்பவருக்கு அதுவே மேல், கால் சொன்னால் ஒரே ஒரு தையல் போட்டு நிற்கும். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளுக்குள் புகுந்து, நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போனதை இங்கிருப்பவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நீரில் மூழ்கிய மோட்டாரின் சுருள் கருகிப்போக வாய்ப்பு அதிகம். மூழ்கிய மிதி மெஷினைச் சேறு காயும் முன் கழுவி, உலர்த்தி, எண்ணெய் விட்டால் எழுந்து நிற்கும். பாழாவது மரப்பலகையும் பெல்ட்டும்தான்.

பழைய தலையிலேயே மோட்டார் பூட்டிக்கொள்ளலாமா என்று பலர் கேட்கிறீர்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது தேவையாக இருக்கும், தாராளமாகப் பூட்டுங்கள். ஒரே நிபந்தனை: தூணின் பின்புறத்தில் மோட்டாருக்கென்றே வார்த்த, திருகுத்துளை உள்ள புடைப்பு இருக்க வேண்டும். பிற்காலத் தலைகளில் அது உண்டு, தேவைப்படாதபோது மோட்டாரைக் கழற்றிவிட்டு மறுபடி பெல்ட் மாட்டலாம். பழைய 27, 28 தலைகளில் அந்தப் புடைப்பு இல்லை. அவற்றில் துளை போடச் சொல்லி யார் வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பலகையில் மோட்டாரைத் தனியாகப் பொருத்தி, அதிலிருந்து பெல்ட் கொடுத்தாலே போதும்.